வீட்டுத் தோட்டம்: ஏப்ரிகொட் மரமும் ஆடி மாதக் கத்தியும்



சென்ற இதழில் குளிர்காலத்தில் கறிவேப்பிலைச் செடியைக் காப்பாற்றும் விதம் பற்றி எழுதியிருந்தேன். இம்முறை ரோசாச் செடிகளைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். அதற்குள் நிர்வாக சபையின் அறிவித்தல் ஒன்று கண்ணில் பட்டது. ஜூலை மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கோவிலில் சிரமதானம். மண்டபம் கழுவுதல், வாகனத் தரிப்பிடம் கூட்டுதல், பின்வளவில் பழமரங்கள் கத்தரித்தல் என்று அதில் இருந்தது. முதலிரண்டுக்கும் என்னுடைய இரண்டு கைகளும் தயார். மூன்றாவதைப் பற்றித்தான் ஒரு விண்ணப்பம் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்காகவே ரோசாவை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு ஏப்ரிகொட் மரத்தை எடுத்துக்கொள்கிறேன்.

கோவில் பின்வளவில் மூன்று பழமரங்கள் நிற்கின்றன. அத்தி மரத்தை இந்தக் குளிரில் கத்தரிப்பதில் தவறில்லை. எலுமிச்சையில் வீங்கிய முடிச்சுகள் உள்ள கொப்புகளை ஆகஸ்ட் மாதம் முடிவதற்குள் வெட்டி எடுப்பது நல்லது. அந்த வீக்கத்துக்குள் இருக்கும் சிறு குளவிகள் அதன் பிறகு வெளியேறிவிடும். ஆனால் மடைப்பள்ளிக்குப் பின்னால் நிற்கும் ஏப்ரிகொட் மரத்தில் மட்டும் ஜூலை மாதத்தில் கத்தி வைக்க வேண்டாம். ஏன் என்று கேட்பவர்களுக்கு என் சொந்தக் கதையையே சொல்லிவிடுகிறேன். பிழை விட்டவன் நான். அதைச் சொல்லுவதில் எனக்கு வெட்கமில்லை. இன்னொருவர் அதே பிழையை விடாவிட்டால் போதும்.

எங்கள் வீட்டு மரம்

நாங்கள் அடிலெயிட்டுக்கு வந்தது 1986 இல். வீடு வாங்கியது 1988 இல். அடுத்த ஆண்டு ஜூலை மாதம், வேரில் மண்ணில்லாமல் சாக்கில் சுற்றி விற்கும் கன்றுகளில் ஒன்றை வாங்கி வந்து பின்வளவில் நட்டேன். மூர்பார்க் என்னும் வகை. இங்கிலாந்தில் 18 ஆம் நூற்றாண்டிலேயே பெயர் பெற்ற பழைய இனம் அது. பார்ப்பதற்குக் குச்சி போலத்தான் இருந்தது. "இந்தத் தடிக்குக் காசு குடுத்தனீங்களோ?" என்று வீட்டுக்காரி கேட்டா.

1992 இல் அம்மா ஊரிலிருந்து வந்து சேர்ந்தா. சாவகச்சேரி வளவில் கறுத்தக்கொழும்பான் மாமரமும் பலாவும் விட்டு வந்தவ. இங்கே வந்து குளிரில் இலையில்லாமல் நின்ற மரத்தைப் பார்த்துவிட்டு, "பட்ட மரத்தை ஏன் தம்பி வைச்சிருக்கிறாய்?" என்று கேட்டா. ஆகஸ்ட் முடிவில் இலை வருமுன்னரே கொப்பு நிறைய வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்ததும் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் அதன் கீழே இருந்துவிட்டா. அந்த மார்கழியில் முதற் காய்ப்பு. ஒரு வாளி கூட நிறையவில்லை. திருவெம்பாவைக் காலம் என்றபடியால் நல்ல பழங்களைத் தெரிந்து தட்டில் வைத்துக் கோவிலுக்குக் கொண்டுபோனா. அன்று தொடங்கி எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் திருவெம்பாவைப் பழம்.

இது தற்செயல் அல்ல. இந்த ஊரில் ஏப்ரிகொட் பழுப்பது நவம்பர் கடைசி தொடங்கி ஜனவரி வரைக்கும். மூர்பார்க் சற்றுப் பிந்திய இனம். ஆகவே மார்கழிப் பூசைக்கும் இந்தப் பழத்துக்கும் நாள் பொருந்திவிடுகிறது. ஊரில் மார்கழிப் பனியில் கேட்ட திருவெம்பாவையை இங்கே 40 பாகை வெய்யிலில் கேட்கிறோம். அதற்குக் கைம்மாறாக இந்தப் பழம் கிடைத்திருக்கிறது என்று அம்மா சொல்லுவா.

நான் விட்ட பிழை

1996 வரையில் மரம் நன்றாகவே இருந்தது. கூரைக்கு மேலே உயர்ந்துவிட்டது. பழத்தைப் பறவைகளே தின்றன. பழமரங்களைக் குளிர்காலத்தில், இலையுதிர்ந்து நிற்கும்போது கத்தரிக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்லுவதை நானும் கேட்டிருந்தேன். ஆப்பிளுக்கும் பெயர்ஸுக்கும் அது சரி. எல்லாப் பழமரமும் ஒன்றுதானே என்று எண்ணி, ஜூலை மாதத்தில், முதல் நாள் பெய்த மழையின் ஈரம் காயுமுன், வாளை எடுத்து மூன்று பெரிய கொப்புகளை வெட்டினேன். "காய்க்கிற மரத்திலை கத்தி வைக்கக் கூடாது தம்பி" என்று அம்மா சொன்னா. அது பழைய நம்பிக்கை என்று நான் சிரித்தேன்.

அடுத்த இரண்டு கோடையும் ஒன்றும் தெரியவில்லை. 1999 ஜனவரியில் ஒரு கொப்பு திடீரென்று வாடியது. இலை காய்ந்ததே தவிர உதிரவில்லை. பழுப்பு நிறத்தில் அப்படியே தொங்கிக்கொண்டு நின்றது. வெட்டிய பழைய இடத்தின் அருகே செந்தேன் நிறத்தில் பிசின் வடிந்திருந்தது. தண்ணீர் போதாது என்று நினைத்து மேலும் தண்ணீர் விட்டேன். அடுத்த கோடையில் இன்னொரு கொப்பும் அப்படியே போயிற்று.

வேலிக்கு அப்பால் இருந்த இத்தாலியப் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு வாளோடு வந்தார். பட்ட கொப்பைக் குறுக்கே அறுத்து வெட்டு முகத்தைக் காட்டினார். நல்ல மரம் வெள்ளையாக இருக்க, ஒரு பக்கத்தில் மட்டும் ஆப்பு வைத்தது போல மண்ணிறக் கறை உள்ளே போயிருந்தது. எப்போது கத்தரித்தாய் என்று கேட்டார். ஜூலை என்றேன். தலையை ஆட்டிவிட்டு, இந்த ஊரில் ஏப்ரிகொட்டை மழையில் வெட்டுகிறவன் மரத்தை விறகுக்கு வளர்க்கிறான் என்றார்.

நோயின் வரலாறு

பின்னர் தேடி வாசித்தபோதுதான், இந்த நோயை ஆராய்ந்து உலகத்துக்குச் சொன்னவர்களில் முன்நின்றவர்கள் நமது அடிலெயிட்டில் இருந்தவர்களே என்று அறிந்தேன். அடிலெயிட் பல்கலைக்கழகத்தின் வெயிட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எம். வி. கார்ட்டர் இதைப் பல்லாண்டு காலம் ஆராய்ந்தவர். 1957 இல் ஹான்ஸ்போர்ட், கார்ட்டர் இருவரும் இந்தப் பூஞ்சணத்துக்கு யூட்டைப்பா ஆர்மேனியாக்கே என்று பெயரிட்டு எழுதினர். இப்போது அதை யூட்டைப்பா லாட்டா என்று குறிப்பிடுகிறார்கள். திராட்சைக் கொடியைப் பட்டுப்போகச் செய்வதும் இதே பூஞ்சணந்தான்.

இது வேலை செய்யும் விதம் எளிது. பட்ட ஏப்ரிகொட் கட்டைகளிலும் பழைய திராட்சைக் கட்டைகளிலும் இந்தப் பூஞ்சணம் கரிப்பொருக்குப் போலப் படர்ந்து வித்திகளை உண்டாக்கும். மழை பெய்து கட்டை நனைந்ததும் அந்த வித்திகள் வெளியேறிக் காற்றில் பறக்கும். பல கிலோமீற்றர் தூரம் போகும். புதிதாக வெட்டிய காயத்தில் விழுந்தால் ஈரத்தோடு உள்ளே இறங்கிவிடும். பிறகு அது கொப்பின் உள்ளே அடிமரத்தை நோக்கி மெல்ல மெல்ல இறங்கும். காயம் பட்டதற்கும் கொப்பு வாடுவதற்கும் இடையில் ஆண்டுகள் போய்விடுவதால் காரணத்தையும் விளைவையும் நாம் சேர்த்துப் பார்ப்பதில்லை.

அடிலெயிட்டின் மழை பெரும்பாலும் குளிர்காலத்திலேயே பெய்கிறது. அதே காலத்தில் மரம் உறங்குகிறது. காயம் ஆறுவதற்கு வாரக்கணக்கில் செல்லும். ஆகவே ஜூலை வெட்டு என்பது கதவைத் திறந்து வைத்துக் கள்வனுக்கு விளக்கும் பிடிப்பது போன்றது. மாறாகப் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் பழம் பறித்து முடிந்திருக்கும், காற்று உலர்ந்திருக்கும், மரம் விழித்திருக்கும். காயமும் விரைவில் ஆறும். அதுவே கத்தரிக்கும் காலம். அப்போதும் முன்னறிவித்தலைப் பார்த்து, சில நாட்களுக்கு மழை இல்லாத வேளையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மரத்துக்கு என்ன நடந்தது?

மரத்தை அடியோடு வெட்டிவிடலாம் என்று நான் சொன்னேன். அம்மா சம்மதிக்கவில்லை. "பிழை உன்னுடையது. தண்டனை மரத்துக்கோ?" என்று கேட்டா. 2000 ஆம் ஆண்டு மார்ச் மாதம் இத்தாலியப் பெரியவரும் நானும் ஒரு முழுநாள் வேலை செய்தோம். அறுக்க அறுக்கக் கறை தெரிந்தது. கறை முடிந்த இடத்துக்கும் கீழே ஓர் அடி, அதாவது 30 சென்ரிமீற்றர், நல்ல மரத்தில் வைத்து வெட்ட வேண்டும் என்பது அவர் சொன்ன கணக்கு. அந்தக் கணக்கின்படி வெட்டி முடித்தபோது, இடுப்பளவு அடிமரமும் ஒரு கொப்புந்தான் மிஞ்சின. வெட்டிய முகங்களுக்கு உடனேயே நீரில் கரையும் அக்ரிலிக் வர்ணம் பூசினோம். வெட்டிய விறகை ஒரு துண்டு கூட வளவில் வைக்கவில்லை. பட்ட கட்டையில் இருந்துதான் வித்திகள் வருகின்றன அல்லவா?

அந்த வசந்தத்தில் அடிமரத்திலிருந்து பல துளிர்கள் வந்தன. ஒட்டு வைத்த இடத்துக்குக் கீழே இருந்து வந்தவற்றைக் கிள்ளிவிட்டோம். மேலே வந்தவற்றில் நான்கை மட்டும் நான்கு திசைக்கும் விட்டோம். 2003 மார்கழியில் மறுபடியும் காய்த்தது. பதினொரு பழம். எண்ணியது அம்மாதான். அதில் ஒன்றைக் கூட வீட்டில் வைக்காமல் திருவெம்பாவைப் பூசைக்குக் கொண்டுபோனா. 2009 இல் அம்மா காலமாகும் வரையும் அந்த மரத்தில் நான் வாள் வைக்கும் திகதியை அவவே தீர்மானித்தா. மரம் இன்றும் நிற்கிறது.

இப்போது நட விரும்புவோருக்கு

வேரில் மண்ணில்லாத கன்றுகள் நேர்சரிகளுக்கு வரும் காலம் இது. விலையும் சட்டிக் கன்றை விடக் குறைவு. கத்தரிக்கத்தான் ஜூலை கூடாது. நடுவதற்கு ஜூலையே நல்ல மாதம்.

எந்த இனம்? சுவைக்கு மூர்பார்க். ஒழுங்காகக் காய்ப்பதற்கும் வற்றல் போடுவதற்கும் இந்த நாட்டிலேயே தோன்றிய டிரெவெட். பொதுவாக ஏப்ரிகொட் தன் பூவின் மகரந்தத்தாலேயே காய்க்கும். ஒரு மரம் போதும். சிட்னி, பிரிஸ்பேன் பக்கத்தில் உறவினர் இருந்தால் அவர்களுக்கு ஒரு சொல்: இந்த மரத்துக்குக் குளிர் வேண்டும். 7 பாகைக்குக் கீழே சில நூறு மணித்தியாலங்கள் கிடைத்தால்தான் மொட்டு ஒழுங்காக விழிக்கும். குளிர் குறைந்த இடங்களில் அதற்கென உள்ள இனங்களைக் கேட்டு வாங்க வேண்டும்.

எந்த இடம்? நம்மவர்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான விடயம் இது. நமது பின்வளவுகளில் நல்ல மண்ணும் வெய்யிலும் உள்ள இடத்தில் என்ன நட்டிருப்போம்? கத்தரி, மிளகாய், தக்காளி. இந்த மூன்றும் உருளைக்கிழங்கும் வேர்டிசிலியம் என்னும் வாடல் நோயை மண்ணில் பெருக்கும். அதே மண்ணில் ஏப்ரிகொட்டை நட்டால் இளமரத்தின் கொப்பு கோடையில் வாடும். உள்ளே மரம் கறுத்துப்போகும். நோய் மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். ஆகையால் பழைய கத்தரிப் பாத்தியில் ஏப்ரிகொட்டை வைக்காதீர்கள். மரத்தின் அடியில் மிளகாய்க் கன்றும் வைக்காதீர்கள். வெந்தயக் கீரை போட்டால் குற்றமில்லை.

அடுத்தது வடிகால். கிடங்கு வெட்டி ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால் அந்த இடம் ஆகாது. அல்லது முழங்கால் அளவுக்கு மண்ணை மேடாக்கி அதன் மேல் நட வேண்டும். களிமண் வளவுக்காரர் மைரோபலன் பிளம் அடிக்கட்டையில் ஒட்டிய கன்றைக் கேட்டு வாங்குவது நல்லது. ஈரத்தை அது ஓரளவு தாங்கும்.

கிடங்கு ஆழத்தை விட அகலமாக இருக்கட்டும். அடியில் கல் இருந்தால் அலவாங்கால் உடைத்துவிடுங்கள். முறிந்த வேரைச் சீராக வெட்டி, மற்ற வேர்களை விரித்து வைத்து, எடுத்த மண்ணையே திரும்பப் போடுங்கள். கோழி எருவைப் புதிதாகக் கிடங்குக்குள் கொட்டினால் வேர் எரிந்துவிடும். ஒட்டு வைத்த முடிச்சு மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். நட்டதும் நன்றாகத் தண்ணீர் ஊற்றி மண்ணை இருத்துங்கள்.

நடும்போது கன்றைத் தொடை உயரத்துக்கு, சுமார் 70 சென்ரிமீற்றருக்கு, குறைத்து வெட்டுவது வழக்கம். மழையில் வெட்டாதே என்று சொல்லிவிட்டு இதை எப்படிச் சொல்லுகிறாய் என்று கேட்பீர்கள். இந்தக் காயம் சிறியது. உலர்ந்த நாளில் வெட்டி உடனே வர்ணம் பூசிவிடுங்கள். வசந்தத்தில் வரும் துளிர்களில் மூன்று அல்லது நான்கை விட்டு நடுவைத் திறந்து வைத்தால், மரம் கிண்ணம் போல வளரும். வெய்யில் உள்ளே போகும், கையெட்டும் உயரத்தில் பழம் நிற்கும்.

ஆண்டு முழுவதும்

மொட்டு வீங்கத் தொடங்கும்போது, அதாவது ஆகஸ்டில் பூ விரிவதற்குச் சற்று முன், செம்பு மருந்து ஒரு முறை தெளித்தால் இலையில் துளை விழும் நோயும் பூவைக் கருக்கும் நோயும் குறையும். போத்தலில் எழுதியுள்ள அளவைத் தாண்டாதீர்கள். கந்தகம் கலந்த மருந்தை மட்டும் ஏப்ரிகொட்டில் தெளிக்கக் கூடாது. மற்ற மரத்துக்கு நல்லதாக இருக்கும் அது இதன் இலையைச் சுட்டுவிடும்.

ஒக்டோபரில் பிஞ்சு பெருவிரல் நகமளவு வந்ததும் ஐதாக்க வேண்டும். ஒரு பிஞ்சுக்கும் அடுத்ததுக்கும் நான்கு விரல் இடைவெளி இருக்கட்டும். கையால் பிஞ்சைக் கிள்ளி எறிய மனம் வராது. ஆனால் விட்டுவிட்டால் பழமெல்லாம் கொட்டையும் தோலுமாக இருக்கும், கொப்பும் முறியும், அடுத்த ஆண்டு மரம் காய்க்காமல் ஓய்ந்துவிடும்.

கோடையில் தினமும் மேலாகத் தெளிக்கும் தண்ணீரால் பயனில்லை. வாரத்துக்கு ஒரு முறை, வேர் உள்ள வட்டம் முழுவதும் ஆழமாக இறங்கும்படி விடுங்கள். வைக்கோல் பரப்பினால் ஈரம் நிற்கும்; அடிமரத்தோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிப் பரப்புங்கள். பழம் முற்றும் காலத்தில் வெப்பம் 38, 40 பாகைக்கு மேலே போனால் கொட்டையைச் சுற்றியுள்ள சதை உள்ளே வெந்து பழுப்பாகும். வெப்ப அலை வருமுன் தண்ணீர் விட்டு வைத்தால் மரம் ஓரளவு தாங்கும்.

பசளை வசந்தத் தொடக்கத்தில் ஒரு முறை, பழம் பறித்த பிறகு ஒரு முறை போதும். அளவுக்கு மிஞ்சினால் மரம் இலையும் கொப்புமாக வளருமே தவிரக் காய்க்காது.

பெப்ரவரி, மார்ச்சில் கத்தரிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். முந்திய ஆண்டுக் கொப்பிலும், விரல் நீளமுள்ள குறுங்கொப்புகளிலுமே ஏப்ரிகொட் காய்க்கும். அந்தக் குறுங்கொப்புகள் மூன்று நான்கு ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் பழையதில் ஒரு பங்கை எடுத்துப் புதியதற்கு இடம் விடுங்கள். ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வெட்டினால் வாள் எடுக்கும் தேவையே வராது. என் பிழையின் வேரும் அதுதான்: ஏழு ஆண்டு சோம்பியிருந்துவிட்டு ஒரே நாளில் பெரிய காயங்களை உண்டாக்கினேன்.

இலையுதிர்ந்த பின் மரத்தில் காய்ந்து தொங்கும் அழுகற் பழங்களைப் பறித்துக் கட்டிக் குப்பையில் போடுங்கள். அடுத்த ஆண்டின் பழ அழுகல் அவற்றிலேதான் குளிரைக் கழிக்கிறது.

பறவையும் பழ ஈயும்

கிளிகள் பழம் பழுக்குமுன்னரே வந்துவிடும். வலை போடுவோர் நெருங்கிய கண்ணுள்ள வலையாகப் பாருங்கள். அகன்ற கண்ணில் வௌவாலும் ஓணானும் பறவையும் சிக்கிச் சாகின்றன. விக்டோரியா மாநிலத்தில் 2021 முதல் வீட்டுப் பழமர வலையின் கண், இழுத்துப் பிடித்த நிலையிலும் 5 மில்லிமீற்றருக்கு மேற்படக் கூடாது என்பது சட்டம். விரல் நுழையாத வலை என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். கோவிலுக்குப் படைக்கும் பழத்துக்காக ஓர் உயிர் துடித்துச் சாவது நமக்குத் தகாது.

பழ ஈ பற்றியும் ஒரு சொல். அடிலெயிட்டின் சில பகுதிகளில் 2020 முடிவிலும் 2021 இலும் பழ ஈ கண்டுபிடிக்கப்பட்டுக் கட்டுப்பாட்டு வலயங்கள் அறிவிக்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். இப்படி அறிவித்தால் அந்த வலயத்துக்குள் வீட்டில் விளைந்த பழத்தை வெளியே கொண்டுபோகக் கூடாது. அர்ச்சனைத் தட்டில் வைத்துக் கோவிலுக்குக் கொண்டுவருவதும் அதில் அடங்கும். மனத்துக்குக் கஷ்டந்தான். ஆனால் ஒரு தட்டுப் பழத்தோடு வரும் புழு, ரிவர்லாண்ட் தோட்டக்காரன் ஒருவனின் ஆண்டு வருமானத்தைக் கொண்டுபோய்விடும். பழம் பறிக்குமுன் உங்கள் தெரு வலயத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பறிப்பதும் பயன்படுத்துவதும்

மாங்காய் போலப் பறித்து வைக்கோலில் பழுக்க வைக்கும் வித்தை இதில் சரிவராது. பறித்த பின் நிறமும் மென்மையும் வரும், இனிப்புக் கூடாது. தொட்டால் சற்று விட்டுக்கொடுக்கும் பதத்தில், காலைக் குளிர்மையில் பறியுங்கள்.

மிஞ்சியதை வற்றல் போடலாம். இரண்டாகப் பிளந்து, கொட்டையை நீக்கி, வெட்டு முகம் மேலே இருக்கத் தட்டில் பரப்பி, மெல்லிய துணியால் மூடி நல்ல வெய்யிலில் சில நாட்கள் வைத்தால் போதும். சுமார் 6 கிலோ பழத்துக்கு 1 கிலோ வற்றல் கிடைக்கும். கடை வற்றல் போலச் செம்மஞ்சளாக வராமல் கறுத்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம். கடையில் கந்தகப் புகை காட்டியிருப்பார்கள். செங்காயில் பச்சை மிளகாயும் கடுகும் போட்டு அம்மா வைக்கும் சட்னியை இடியப்பத்தோடு உண்டவர்கள் இந்தச் சங்கத்திலேயே பலர் இருக்கிறார்கள்.

கொட்டையை உடைத்தால் உள்ளே வாதுமைப் பருப்புப் போல ஒன்று இருக்கும். அதைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். உடலில் சயனைட் நஞ்சாக மாறும் பொருள் அதில் இருக்கிறது. பச்சைப் பருப்பை உணவாக விற்பதை இந்த நாட்டில் தடை செய்திருக்கிறார்கள்.

ஓர் அங்கத்தவரின் கேள்வி

கொட்டையை நட்டால் மரம் வருமா என்று ஒரு அம்மா தொலைபேசியில் கேட்டா. வரும் அம்மா. குளிர்சாதனப் பெட்டியில் ஈர மணலுக்குள் இரண்டு மூன்று மாதம் வைத்து நட்டால் முளைக்கும். ஆனால் தாய் மரத்தின் குணம் அப்படியே வரும் என்று சொல்ல முடியாது. காய்க்க ஆண்டுகளும் கூடச் செல்லும். பொழுதுபோக்குக்கு நடுங்கள். பழத்துக்கு ஒட்டுக்கன்று வாங்குங்கள்.

முடிவாக, நிர்வாக சபைக்கும் சிரமதானத் தொண்டர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். ஜூலை ஞாயிற்றுக்கிழமை அந்த ஏப்ரிகொட் மரத்தை விட்டுவிடுங்கள். காய்ந்து தொங்கும் பழங்களைப் பறியுங்கள், அடியில் உள்ள புல்லைச் செதுக்குங்கள், அதோடு போதும். மார்கழியில் திருவெம்பாவைக்குப் பழம் பறித்து முடிந்த பிறகு, பெப்ரவரியில் மழையில்லாத ஒரு காலையில், வாளும் வர்ண டப்பாவும் நானே கொண்டுவருகிறேன். கத்தரிக்கப் பழக விரும்பும் இளைஞர்கள் இரண்டு பேர் கூட வந்தால் பெரிய உதவி. எனக்கும் வயது போகிறது. அந்த மரத்துக்கு அடுத்த கைகள் வேண்டும்.

அடுத்த இதழில் ரோசா. அதற்கிடையில், ரோசாவை இந்த ஜூலையில் தாராளமாகக் கத்தரிக்கலாம்.